யாழ்ப்பாணம் போகும்போது சோனகத் தெருவுக்கும் போவோம்



லீவு விட்டால் போதும், கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாக யாழ்ப்பாணம் போகிறோம். எல்லோருடைய பட்டியலும் ஒன்றுதான்: நல்லூர், கோட்டை, பொது நூலகம், கசூரினா கடற்கரை, கடைசியில் ஐஸ்கிரீம். நல்ல இடங்கள்தான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நாம், ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று அதன் கதையையும் சொல்ல வேண்டும்.

இன்று நல்லூரில் நாம் பார்ப்பது 18ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அது இருந்ததாகச் சொல்லப்படும் முத்திரைச் சந்தைப் பக்கம் இப்போது ஒரு தேவாலயம் இருக்கிறது. கூட்டம் இல்லாத இடம், ஆறுதலாகப் பார்க்கலாம். கோட்டையும் போர்த்துக்கேயர் தொடங்கியதுதான். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்து, பின்னர் ஐங்கோண வடிவில் பெருப்பித்துக் கட்டினார்கள்.

அடுத்தது நூலகம். 1981 மே 31ஆம் திகதி இரவு அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. 2003இல் மீண்டும் திறந்தார்கள். வெள்ளைக் கட்டடம் திரும்பி வந்துவிட்டது. எரிந்த சுவடிகள் வரவில்லை.

இங்கிருந்து நேரே கடற்கரைக்கு பஸ்ஸைத் திருப்பாமல், நகரின் வடமேற்கே சோனகத் தெருவுக்குப் போவோம். முச்சக்கர வண்டியில் சில நிமிடத் தூரம்தான். யாழ்ப்பாண முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி இது. இரும்புக் கடை, தையல், இறைச்சிக் கடை என்று நகரத்தின் அன்றாடத்தோடு கலந்திருந்தவர்கள் அவர்கள். இதை அடுத்த வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம், பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர். முஸ்லிம் பிள்ளை இந்துக் கல்லூரியில் படித்த அந்த யாழ்ப்பாணத்தையும் நம் பிள்ளைகள் அறியட்டும்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, இந்த மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பதே உத்தரவு. அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலும் இருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். அயல் தமிழர்கள் அழுதுகொண்டு நின்றதையும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. பின்னர் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ யாழ்ப்பாணம் உம்மா வாப்பா சொல்லும் கதையாகவே போய்விட்டது.

போவோருக்குச் சில வார்த்தைகள். ளுஹர் தொழுகையை அங்குள்ள பள்ளிவாசலில் வைத்துக்கொள்ளுங்கள். தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவரிடம் ஸலாம் சொல்லிப் பேசக் கேளுங்கள். இடிந்த வீடுகளுக்கு முன்னால் நின்று செல்பி எடுக்க வேண்டாம், அவை யாரோ ஒருவருடைய வீடுகள். தேநீரை அந்தத் தெருக் கடையிலேயே குடியுங்கள். ஒஸ்மானியாக் கல்லூரி இன்றும் இயங்குகிறது. அனுமதி பெற்று உள்ளே போகலாம்.

நூலகத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு ஒரு துயரம் தெரியும். சோனகத் தெருவை மட்டும் பார்த்த பிள்ளைக்கு மற்றது தெரியும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளை, நாளை எந்த மேடையிலும் பாதி வரலாறு பேசாது. தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களிடமும் நாம் கேட்பது இதைத்தான்: உங்கள் பஸ்ஸும் அந்தத் தெருவில் ஒருமுறை நிற்கட்டும்.

திரும்பி வந்ததும் பிள்ளைகளிடம் ஒரு பக்கம் எழுதச் சொல்வோம். எதையெல்லாம் பார்த்தீர்கள், அங்கே யார் யார் இல்லை என்று.