பிரசங்க மேடைக்கு வெளியே மூவர்

நம் திருச்சபை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பேராயர்களையும் குருமாரையும் குறித்தே பேசுகின்றன. பிற தொழில்களில் தம் அழைப்பைக் கண்டடைந்தோர் ஓரிரு வரிகளில் மறைந்துவிடுகின்றனர். அத்தகைய மூவரை ஈண்டு நினைவுகூர்வோம்.

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) அமெரிக்கர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நிறுவினார். ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் ஊரைவிட்டு அகல்வதைக் கண்ட அவர், பின்னர்த் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம் ஆகியவற்றிற்குத் தமிழ் நூல்களும் ஆக்கினார்.

தமிழாசிரியர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவக் குடும்பத்தில் தோன்றி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் மோட்சப் பயண உருவகத்தைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். தாம் கற்ற கம்பனை அவர் துறந்துவிடவில்லை; அந்தக் காப்பிய நடையிலேயே கிறிஸ்துவைப் பாடினார்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) ஆசிரியப் பணியை விட்டுச் சித்த மருத்துவரானார். அத்தொழிலின் வருவாயைக் கொண்டு இசை மாநாடுகளைக் கூட்டி, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார்.

இம்மூவருள் எவரும் தம் தொழிலை விசுவாசத்தினின்று பிரித்துவைக்கவில்லை. ஆகவே, சபையாரின் அன்றாடத் தொழிலை ஊழியமென ஏற்கத் தயங்கும் போதகர், தம் சபை வரலாற்றின் பெரும்பகுதியை வாசியாமலே விட்டவராவார்.