பொட்டாசியம் அயோடைடு (தைராய்டு காப்பு)

பொட்டாசியம் அயோடைடு என்பது அணுஉலை விபத்தில் வெளியாகும் கதிரியக்க அயோடின்–131 தைராய்டு சுரப்பியில் சேராமல் தடுக்கும் உப்பு மருந்து. சுரப்பியைச் சாதாரண அயோடினால் முன்கூட்டியே நிரப்பிவிடுவதே இதன் செயல்முறை. பெரியவர்களுக்கு 130 மி.கி.; ஒரு மாதம் நிறையாத சிசுவுக்கு 16 மி.கி. கதிரியக்கம் வந்து சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், தவறினால் பிந்தைய 2 மணி நேரத்துக்குள் தருவதே சிறப்பு. சீசியத்துக்கோ வெளிக்கதிர்வீச்சுக்கோ இது மருந்தல்ல. சமையல் உப்பும் மாற்றாகாது: கிலோவுக்கு 15 மி.கி. அயோடின் கொண்ட உப்பில் பெரியவரின் ஒரு வேளை அளவைப் பெற ஆறரை கிலோவுக்கு மேல் தின்னவேண்டும்.

கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 130 கி.மீ.க்கு அப்பால் உள்ளன. அதனால் இவ்வூர்களுக்குக் காப்பே வேண்டாம் என்பது சரியாகாது. 1986 செர்னோபில் அணுஉலை விபத்தில், பல நூறு கி.மீ. தள்ளியிருந்த போலந்து ஒரு கோடிச் சிறுவர்களுக்கு அயோடைடு கரைசல் புகட்டியது. மாடுகளைப் பசும்புல் மேயவிடாமல் தடுத்து, பால்பவுடரும் வழங்கியது. பெலாரஸ், உக்ரைன் குழந்தைகளிடம் பெருகிய தைராய்டு புற்றுநோய்க்கு கதிரியக்க அயோடின் கலந்த பாலே முக்கிய வழி. பால்கோவாவுக்குப் பேர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். பாலை எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் அயோடின்–131 அழியாது. 8 நாளுக்கொருமுறை பாதியாகக் குறையும், அவ்வளவே. ஆகவே இத்தொலைவில் பால் பரிசோதனையும் மேய்ச்சல் தடையுமே முதற்காப்பு, மாத்திரை துணைக்காப்பு. வீட்டிலேயே வாங்கி வைக்கலாமே எனில், பீதியில் முன்னதாக விழுங்கினால் ஒரு நாளில் அதன் பயன் தீர்ந்துவிடும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்குத் தீங்கும் நேரலாம். 40 வயது கடந்தோருக்குப் பலன் குறைவு. அரசு அறிவிப்பின்பேரில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் கிடைக்கும்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பு வைப்பதே பொருத்தம்.