மெடூசாவின் முகம்: யெவொண்டின் ‘தேவியர்’ நிழற்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

கிரேக்க, உரோமப் புராணங்களிலே பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பெரும்பாலும் ஆணின் வீரக்கதைக்கு முன்னுரையாகவே அமைந்துவிடுகின்றது. உரோமக் கவிஞர் ஓவிட் கூறும் மெடூசாவின் கதை இதற்குத் தக்க சான்றாகும். கடற்றெய்வமான நெப்தியூன் மினேவாவின் கோயிலினுள்ளேயே அவளைப் பலாத்காரம் செய்கின்றான். ஆனால் தண்டனை அவளுக்கே கிடைக்கின்றது. அவளது கூந்தல் பாம்புகளாக மாற்றப்படுகின்றது. ஈற்றில் பேர்சியஸ் அவளது தலையைக் கொய்கின்றான். 1554ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரில் திறந்துவைக்கப்பட்ட செலினியின் வெண்கலச் சிலையில், அவளது உடலை மிதித்து நின்று தலையை உயர்த்திப் பிடிக்கும் வீரனையே காண்கிறோம்.

இம்மரபிலிருந்து விலகிய ஒரு முயற்சியை 1935ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட ‘தேவியர்’ என்னும் நிழற்படத் தொகுதியிலே காணலாம். இதனை ஆக்கியவர் யெவொண்ட் (1893 - 1975). பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் ஈடுபட்ட இவர், 1914இல் தமது இருபத்தொராவது வயதிலேயே சொந்த நிழற்படக் கூடத்தை நிறுவியவர். மூன்று எதிர்ப்படங்களிலிருந்து நிறங்களை ஒன்றன்மேலொன்றாகப் பதிக்கும் ‘விவெக்ஸ்’ முறையை இத்தொகுதிக்குக் கையாண்டார்.

இவரது மெடூசாவின் படத்தில் பேர்சியஸ் இல்லை. பாம்புகள் சூழ்ந்த உயிருள்ள முகம் ஒன்றே உண்டு. நியோபியின் படமும் அத்தகையதே. அப்போலோவும் டயானாவும் பிள்ளைகளைக் கொன்றொழித்த தாயின் துயரம் கண்ணீர் வழியும் முகமாக மட்டுமே தோன்றுகின்றது. அம்பெய்த தெய்வங்களுக்கு அங்கே இடமில்லை. கொடியவனை விலக்கியதன் மூலம் கதையின் நடுவிடம் பெண்ணுக்குரியதாகின்றது. இதுவே இப்படங்களின் சிறப்பு எனலாம்.

எனினும், இவற்றின் வரம்புகளையும் நாம் மறத்தலாகாது. மெடூசா அநீதிக்கு உள்ளானவள் என்பதை அப்படம் நேரடியாகச் சுட்டவில்லை. இத்தொகுதியிலே தோன்றியோர் பெரும்பாலும் உயர்குடிப் பெண்கள். உழைக்கும் பெண்ணுக்கு அதில் இடமிருக்கவில்லை. மேலும், ‘மெடூசாவாகத் திருமதி எட்வேட் மேயர்’ என்றே அப்படம் தலைப்பிடப்பட்டது. பேர்சியஸின் பிடியிலிருந்து மெடூசா விடுபட்டாள். அவளாகத் தோன்றிய பெண்ணோ கணவனின் பெயராலேயே அறியப்பட்டாள்!

யெவொண்ட் மறைந்த 1975ஆம் ஆண்டிலேயே, மெடூசாவைச் சிரிக்கும் பெண்ணாகக் காணும் கட்டுரையைப் பிரான்சில் எலேன் சீக்சு வெளியிட்டார். நிழற்படம் மீட்ட முகத்துக்கு எழுத்து குரல் தந்தது. அப்பெண்ணின் சொந்தப் பெயரையும் மீட்பது வரலாறு பயிலும் நமது கடமையாகும்.