விஷம் வைத்தவள் என்ற பழி: எம்மா ஸ்மித்தும் சவிதா அம்பேத்கரும்

வலங்கைமான் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் டிசம்பர் 6 நினைவுக் கூட்டம். கல்லூரி மாணவர்கள் இருபது பேர் இருந்திருப்பார்கள். பூனா ஒப்பந்தம், மகாத் குளம், நாக்பூர் என்று பேசி முடித்துவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தான். "அக்கா, அந்தப் பாப்பாத்திதானே அய்யாவுக்கு விஷம் வச்சுது?"

யாரும் சிரிக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லையாம், எல்லாரும் சொல்கிறார்களாம்.

அன்றைக்கு அவசரமாக ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தம்பிக்கு முழுதாகச் சொல்ல வேண்டிய பதில் இது. அதை அமெரிக்காவில் இருந்து தொடங்குகிறேன். இதே பழியைச் சுமந்த இன்னொரு பெண் அங்கே இருந்தார்.

எம்மா

மோர்மன் மதத்தைத் தோற்றுவித்தவர் ஜோசப் ஸ்மித். அவருடைய மனைவி எம்மா, 1804இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1827 ஜனவரியில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஸ்மித்தை மணந்தார். 1830இல் வெளிவந்த மோர்மன் நூலுக்கு ஸ்மித் வாயால் சொல்லச் சொல்ல முதலில் எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மதத்தின் முதல் பாடல் தொகுப்பைத் தயாரித்தவரும் அவர்தான். 1842 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் மோர்மன் பெண்களின் நிவாரணச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவி எம்மா.

இதே காலத்தில் அவர் கணவர் ரகசியமாகப் பல பெண்களை மணந்துகொண்டிருந்தார். அந்த எண்ணிக்கை 30க்கும் 40க்கும் இடையில் இருக்கலாம் என்று மோர்மன் திருச்சபையே 2014இல் ஒப்புக்கொண்டது. 1843 ஜூலையில் ஸ்மித் ஒரு இறைவாக்கைச் சொல்லி எழுதவைத்தார். பலதார மணம் கடவுளின் கட்டளை, எம்மா அதை ஏற்காவிட்டால் அழிவாள் என்று அவள் பெயரைச் சொல்லியே எச்சரித்தது அந்த வாக்கு. வீட்டுச் சண்டையில் ஆணுக்குக் கடவுளே சாட்சி சொல்ல வந்துவிட்டால் பெண் எங்கே போய் முறையிடுவாள்?

1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. எம்மா அப்போது கர்ப்பிணி. அடுத்த தலைவர் யார், சொத்து யாருக்கு என்ற சண்டை எழுந்தது. பிரிகாம் யங் பெரும்பாலான மக்களைத் திரட்டிக்கொண்டு மேற்கே யூட்டாவுக்குப் போனார். எம்மா போகவில்லை. நாவூவிலேயே தங்கினார், மறுமணம் செய்துகொண்டார், 1879இல் அங்கேயே இறந்தார்.

போக மறுத்ததற்கு அவர் கொடுத்த விலை பெரியது. 1866இல் பிரிகாம் யங் பொது மாநாட்டில் எழுந்து, ஜோசப்பை விஷம் வைத்துக் கொல்ல முயன்றவள் எம்மா என்று பேசினார். நூலை எழுதிக் கொடுத்த கை விஷம் கலந்த கையாகிவிட்டது. இத்தனைக்கும் ஸ்மித் செத்தது துப்பாக்கிக் குண்டில்.

ரமாபாய்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர் தன்னை இறைத்தூதர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டவர் அல்லர். ஆனால் நவயான பௌத்தம் அவர் தோற்றுவித்த நெறி. அந்த வகையில் அவரும் ஒரு சமயத்தின் நிறுவனர்தான்.

ரமாபாய் அவரை மணந்தபோது சிறுமி. பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கைப் புதைத்தவர். கணவர் வெளிநாட்டில் படித்த காலத்தில் வறுமையோடு தனியாகக் குடும்பத்தைச் சுமந்தவர். பண்டரிபுரத்து விட்டலனைப் பார்க்க ஆசைப்பட்டார். தீண்டாதாரை உள்ளே விடாத கோயிலுக்கு எதற்குப் போக வேண்டும் என்று அம்பேத்கர் மறுத்தார். 1935 மே 27 அன்று ரமாபாய் இறந்தார். இந்துவாகச் சாகமாட்டேன் என்ற இயோலா அறிவிப்பு அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று வந்தது. ஐந்து மாதம்கூட இடைவெளி இல்லை.

ரமாபாயை நம் இயக்கம் அன்னையாக ஏற்றுக்கொண்டது. தியாகம் செய்து, வாய் திறக்காமல், கணவருக்கு முன்பே இறந்துபோன பெண்ணை ஏற்றுக்கொள்வதில் எந்த ஊரிலும் எந்த ஆணுக்கும் சிரமம் இருப்பதில்லை.

சவிதா

சிரமம் சவிதாவிடம்தான். 1909இல் பிறந்த சாரதா கபீர், சாரஸ்வத் பார்ப்பனக் குடும்பத்துப் பெண். மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர். டாக்டர் மால்வங்கரின் மருத்துவமனையில் பணியாற்றியபோது அம்பேத்கரைச் சந்தித்தார். சர்க்கரை நோய், நரம்பு வலி, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து அவர் உடலை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைவர் என்ற சுமையும் அவர் தோளில்தான் இருந்தது. 1948 ஏப்ரல் 15 அன்று டெல்லியில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். அதன் பிறகு ஊசி, மருந்து, உணவு, தூக்கம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு சவிதா.

எம்மாவின் கதையோடு இது பிரியும் இடம் ஒன்று உண்டு. ஸ்மித் பலதார மணத்தைக் கடவுளின் சட்டமாக்கினார். அம்பேத்கர் ஒருதார மணமும் விவாகரத்து உரிமையும் பெண்ணுக்குச் சொத்தும் கேட்டு இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். அதை முடக்கியதை முக்கியக் காரணமாகச் சொல்லி 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் தூக்கியெறிந்தார். நிறுவனர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அல்லர்.

1956 அக்டோபர் 14, நாக்பூர். குஷிநகரின் மகாஸ்தவிர் சந்திரமணியிடம் முதலில் மும்மணிகளையும் பஞ்சசீலத்தையும் ஏற்றவர்கள் இருவர். ஒருவர் அம்பேத்கர், மற்றவர் சவிதா. பிறகுதான் அங்கே திரண்டிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு அம்பேத்கர் தீட்சை அளித்தார். நாம் மாட்டிவைக்கும் பல படங்களில் சவிதாவைக் காணவில்லை. அந்த மேடையில் அவர் இருந்தார்.

ஏழரை வாரத்தில், டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் உறக்கத்திலேயே மறைந்தார். உடனே சந்தேகம் கிளம்பியது. அந்தச் சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தண்ணீர் தொட்டதற்கு அடிவாங்கிய சமூகம், பூனாவில் கையைப் பிசைந்துகொண்டு கையெழுத்துப் போட்ட தலைவனைப் பார்த்த சமூகம், பார்ப்பன வீட்டுப் பெண்ணை நம்பத் தயங்கியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. அரசு விசாரித்தது. மரணம் இயற்கையானது என்ற முடிவு வந்தது. வதந்தி மட்டும் அறுபது எழுபது ஆண்டாக ஊர் ஊராக நடந்து நம் சமுதாயக் கூடத்துக்கும் வந்துவிட்டது.

காணாமல் போன முன்னுரை

அந்தத் தம்பிக்கு நான் காட்ட விரும்பும் ஆவணம் ஒன்று உண்டு. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு அம்பேத்கர் 1956 ஏப்ரலில் ஒரு முன்னுரை எழுதினார். அணையப் போகும் சுடர் என்று மருத்துவர்கள் தன்னைப் பற்றிப் பேசும் அளவுக்கு நோய் முற்றியிருந்ததையும், அந்தச் சுடரை மறுபடி ஏற்றியது தன் மனைவியும் மால்வங்கரும் செய்த வைத்தியம் என்பதையும், அவர்கள் இல்லாமல் இந்த நூலே முடிந்திருக்காது என்பதையும் அதில் சொல்கிறார். தன் கடைசி இரவில் மேசைமேல் எடுத்துவைக்கச் சொன்ன காகிதங்களில் இந்த நூலின் முன்னுரையும் இருந்தது.

1957இல் நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. 1980இல் பகவான் தாஸ் தனிச் சிறுநூலாக வெளியிட்ட பிறகுதான் அது பலர் கைக்கு வந்தது. சவிதாவைக் காப்பாற்றும் ஒரே சாட்சி அண்ணலே எழுதிய சாட்சி. அதுவே கால் நூற்றாண்டு மக்கள் கண்ணில் படவில்லை.

இடையில் சவிதா டெல்லியில் பொது வாழ்க்கையை விட்டு ஒதுங்கி வாழ்ந்தார். எழுபதுகளில்தான் தலித் சிறுத்தைகள் தலைமுறை இளைஞர்கள் அவரைத் தேடிப்போய் மறுபடி மேடைக்கு அழைத்து வந்தார்கள். வயதில் உங்களைப் போன்றவர்கள்தாம் அவர்கள். 'மாயி' என்று மக்கள் அழைக்கத் தொடங்கினார்கள். 1990 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கருக்கான பாரத ரத்னாவைப் பெற்றுக்கொண்டவர் அவர். கொடுத்தவர் நம் தஞ்சை மாவட்டத்து இராஜாமடத்தில் பிறந்த குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். சவிதா 2003 மே 29 அன்று, 94 வயதில் மும்பையில் இறந்தார். கணவர் போனபின் 46 ஆண்டுகள் அந்தப் பழியோடு வாழ்ந்திருக்கிறார்.

ஏன் விஷம்?

நாவூவில் ஒருத்தி, டெல்லியில் ஒருத்தி. நாடு வேறு, மதம் வேறு, நூற்றாண்டு வேறு. பழி மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது? சோறு போடுவதும் மருந்து கொடுப்பதும் பெண்ணின் வேலை என்று ஒதுக்கியிருக்கிறோம். எனவே ஆண் செத்தால் முதல் சந்தேகம் அந்தக் கையின் மேல்தான். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. நம் தெருவில் இளம் விதவையைப் பார்த்து 'புருஷனை முழுங்கினவ' என்று சொல்கிறார்களே, அதே வார்த்தைதான் மாநாட்டு மேடையில் ஏறி வரலாறு என்று பெயர் வைத்துக்கொள்கிறது.

தலைவர் மறைந்ததும் வாரிசு யார் என்ற போட்டி வருகிறது. அந்தப் போட்டியில் அவர் மனைவி கூடவே இருந்தவள், எல்லாம் தெரிந்தவள். அவளை ஓரங்கட்ட வாதம் தேவையில்லை, ஒரு வதந்தி போதும். சாதியின் மீது நமக்கிருக்கும் நியாயமான கோபத்தை ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைத்தால் சாதிக்கு ஒரு கீறலும் விழாது.

வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக் காவடி எடுப்பார்கள். சாகக் கிடந்து பிழைத்தவர் பிணம்போல் பாடையில் படுத்து, கோயிலைச் சுற்றி வருவார். உயிர் மீண்டதற்கு நன்றி அது. எனக்கு அந்த நேர்த்தியில் நம்பிக்கை இல்லை. ஆனால் பிழைக்க வைத்ததை மறக்கக்கூடாது என்ற எண்ணம் மட்டும் எனக்குப் பிடிக்கும். அம்பேத்கர் அந்த நன்றியைத் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனார். நாம்தான் அதைப் படிக்கவில்லை.

அடுத்த டிசம்பர் 6 கூட்டத்தில் அந்த முன்னுரையை முழுதாக வாசிக்கப் போகிறோம். வாசிக்கப் போவது, கேள்வி கேட்ட அந்தத் தம்பிதான். ஒப்புக்கொண்டிருக்கிறான்.

ஜெய் பீம்.