ஸ்டான்லி பூங்கா: கடல், காடு, அகற்றப்பட்ட ஒரு கிராமம்

கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவர் நகர மையத்தை ஒட்டிக் கடலுக்குள் நீளும் நிலமுனையில் ஸ்டான்லி பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 400 ஹெக்டேயர் பரப்புடைய இப்பூங்கா 1888 இல் திறக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் நாயகம் ஸ்டான்லி பிரபுவின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

பாதைகள்

பூங்காவைச் சுற்றியுள்ள கடற்சுவர்ப் பாதையின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். 1917 இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1980 இல்தான் நிறைவுற்றது. நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனி வழிகள் உண்டு. சைக்கிள்கள் ஒரே திசையில் மட்டுமே செல்லலாம். உள்ளே சிடார், ஹெம்லொக் மரங்களுக்கிடையே காட்டுப் பாதைகள் கிளைபிரிகின்றன. 2006 டிசம்பர் புயல் இங்கு ஏறத்தாழ 10,000 மரங்களைச் சாய்த்தது.

கடற்கரைகள்

மேற்குப் பக்கத்தில் 'இரண்டாம் கடற்கரை', 'மூன்றாம் கடற்கரை' என இரண்டு மணற்கரைகள் உள்ளன. முதலாவது குடும்பங்களுக்கு ஏற்றது. அங்கே நீச்சல் தடாகமும் உண்டு. மற்றையதில் மாலைச் சூரியன் கடலில் இறங்குவதைக் காணலாம்.

உயிரினங்கள்

வசந்த காலத்தில் பெரும் நீல நாரைகள் மர உச்சிகளில் கூட்டமாகக் கூடு கட்டும். வெண்தலைக் கழுகு, கடல்நாய், ரக்கூன் ஆகியவற்றையும் காணலாம். நரியை ஒத்த கயோட்டிகள் 2021 இல் பலரைக் கடித்தன. மனிதர் உணவு கொடுத்துப் பழக்கியதே இதற்கு முக்கிய காரணமாகக் கருதப்பட்டது. எனவே எந்த விலங்குக்கும் உணவு கொடுக்கக் கூடாது.

நிலத்தின் மக்கள்

இது ஆளில்லாக் காடாக இருக்கவில்லை. மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லே-வாட்டூத் மக்களின் பூர்வீக நிலம் இது. இங்கிருந்த குவாய்குவாய் என்ற கிராமத்தை ஊடறுத்தே பூங்கா வீதி போடப்பட்டது. அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு குவித்த சிப்பி ஓடுகளே அந்த வீதிக்குப் பரப்பப்பட்டன. பிரொக்டன் முனையில் எஞ்சியிருந்த குடும்பங்கள் நீதிமன்றத்திலும் தோற்றன. 1931 இல் அவர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன.

அதே முனையில் இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் மரபுத் தூண்களில் முதலில் நிறுவப்பட்டவை வடக்கேயுள்ள வேறு இன மக்களுடையவை. இந்நிலத்துக்குரிய மக்களின் செதுக்கு வாயில்கள் 2008 இல்தான் அங்கு எழுந்தன.

அருகிலுள்ள டெட்மன் தீவு அவர்கள் இறந்தோரை வைத்த இடம். இன்று அங்கே கடற்படைத் தளம் உள்ளது. பொதுமக்கள் விரும்பியபடி உள்ளே செல்ல முடியாது.