போட்டி முடிந்த பின் ஸ்ரேயா கோஷல்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்ற பிள்ளையின் பெயர் அடுத்த சீசன் தொடங்கும்போதே பலருக்கு மறந்துபோகிறது. அப்படி மறக்கப்படாதவர் யார் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ஸ்ரேயா கோஷலைத்தான்.

ராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் வளர்ந்த வங்காளிப் பெண். ஸீ தொலைக்காட்சியின் 'சரிகமப' சிறுவர் போட்டியில் வென்றார். நடுவராக இருந்த இசையமைப்பாளர் கல்யாண்ஜி, மகளை மும்பைக்கு அழைத்துவரும்படி பெற்றோரிடம் வற்புறுத்தினார். பிறகு தானே பாடமும் சொல்லிக்கொடுத்தார். அதே நிகழ்ச்சியில் ஸ்ரேயா மறுபடி பாடியதைக் கண்ட தாயார், மகன் சஞ்சய் லீலா பன்சாலியைக் கூப்பிட்டுக் காட்டினார். அதன் பலன் 2002இல் வந்த 'தேவ்தாஸ்'. முதல் படத்திலேயே தேசிய விருது.

என்னை அதைவிட வியக்கவைப்பது அவருடைய தமிழ். பாடல் வரிகளைத் தேவநாகரியில் எழுதிவைத்து, பொருளையும் உச்சரிப்பையும் கேட்டறிந்து பாடுகிறவர். 'விருமாண்டி'யில் இளையராஜாவின் 'உன்னை விட' கிராமத்துப் பெண்ணின் பாட்டு. அதிலும் பிசகில்லை. 2006இல் 'முன்பே வா' வந்தபோது, பாடியவர் தமிழ்ப் பெண் என்றே நான் நினைத்திருந்தேன்.

அவருடைய ஐந்தாவது தேசிய விருது, 2021ஆம் ஆண்டுக்கானது, 'இரவின் நிழல்' படத்தில் ரஹ்மான் இசையில் பாடிய தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்தது.