உண்ணிச்செடிப் பரவலும் தென்திருவிதாங்கூர் மலைச்சரிவுகளின் நிலவரலாறும்

1809ஆம் ஆண்டளவில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்கு அழகுச்செடியாக வந்த உண்ணிச்செடி, இன்று மேற்குத்தொடர்ச்சி மலைச்சரிவுகளில் அடர்புதராக மண்டியுள்ளது. பறவைகள் இதன் விதைகளை எங்கும் பரப்பினும், நிழல் செறிந்த காட்டினுள் இது தழைப்பதில்லை. ஒளி புகும் காட்டோரமும் பாதையோரமும் கைவிடப்பட்ட விளைநிலமுமே இதன் களங்கள்.

முன்னர்ப் பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூரின் தென்பகுதியில், 1860களில் அசம்பு மலைக்காடுகள் காப்பித் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டன. இலைத்துரு நோயால் காப்பி வீழ்ந்தபின் தேயிலையும் ரப்பரும் வந்தன. இவ்வாறு மரங்களை இழக்கும் செங்குத்துச் சரிவுகளில் மேல்மண் அரிக்கப்படுவதால், மரக்கன்றுகள் வேரூன்றுதல் அரிதாகிறது. அவ்வெளியைப் புதர் கைக்கொள்கிறது.

ஆகவே, பத்மநாபபுரத்தை அடுத்த வேளிமலை முதலிய குன்றுகளில் புதர்ப்பரவலை ஆய்வோர், சரிவின் சாய்வோடு நிலப்பயன்பாட்டு ஆவணங்களையும் இணைத்தே நோக்குதல் வேண்டும். மரநிழலை மீட்காது புதரை மட்டும் வெட்டுதல் பயன்தராது. வெட்டிய அடியிலிருந்தே அது மீண்டும் துளிர்க்கும்.